நூற்று இருபது பங்காளிகள்

இருபத்தாறு வருடம் நான் பார்த்த உத்தியோகம் கல்யாணத் தரகு. பெண் வீடும் பூ, மாப்பிள்ளை வீடும் பூ. அதனால் ஒரு வேளை பந்திச் சாப்பாடுகூடக் கிடைத்ததில்லை. கிடைத்ததெல்லாம் மஞ்சள் பிடித்த விரலும், அண்ணாந்து அண்ணாந்து பார்த்ததில் வந்த கழுத்து வலியும்தான்.

இதை எழுத வைத்தவள் நிஷா. கூடலூர்க்காரி, எங்கள் எஸ்டேட்டில் இப்போது பீல்டு ஆபீசர். நான் ரிட்டயராகி இரண்டு வருடம் ஆன பிறகு, போன மாதம் வீட்டுக்கு வந்தாள். கையில் பேட்டரி போட்ட ஒரு சின்ன பிரஷ்.

"சேச்சி, இதைப் பாருங்க. பட்டனை அமுக்கினா பூவுக்குள்ள கிர்ருனு சுத்தும். மகரந்தம் எல்லாம் தானே ஒட்டிக்கும். இனி விரலே வேண்டா."

"நல்லது. எந்தப் பூ மகரந்தத்த எந்தப் பூவுக்கு வப்ப?"

"அது... அந்தப் பூவோடது அந்தப் பூவுக்குத்தானே?"

"அப்படின்னா இந்த மிஷின வச்சு நீ பல்லு வெளக்கலாம்" என்றேன்.

கோபித்துக்கொள்ளவில்லை, நல்ல பெண். சிரித்துவிட்டு, "சேச்சி, அதை அப்படியே எழுதித் தாங்க. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றாள். எனக்குப் பேச வரும், எழுத வராது. பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். பிடிக்காதவர்கள் பிரஷைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாக்கியம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஐந்து வயதில் கப்பலேறி, அப்பா அம்மாவோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவள். நெல்லியாளத்துக்கு அருகில் ஒரு எஸ்டேட். லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தேன், பதினெட்டில் கொழுந்துக்கூடை மாட்டினேன், பத்தொன்பதில் கல்யாணம். பன்னிரண்டு வருடம் கொழுந்து எடுத்தேன். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அட்டை குடித்த ரத்தம் போக மீதி ரத்தத்தில்தான் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன். அதைப்பற்றி இவ்வளவு போதும்.

முப்பது வயதில் என்னைக் கொடிக்கு மாற்றினார்கள். என்ன கொடி என்று கேட்டால் அங்கேயே சண்டை ஆரம்பம். எங்கள் அம்மா இலங்கை வழக்கப்படி கொடித்தோடை என்பாள். ஊட்டிப் பக்கத்து ஆட்கள் தாட்பூட் பழம் என்பார்கள். ஆபீசில் பேஷன் ப்ரூட். தொரை, அதாவது எங்கள் மேனேஜர், சொல்வது எங்கள் யார் காதிலும் சரியாக விழாது. ஒரே பழத்துக்கு நாலு பெயர். காலையில் பெரட்டில், அதாவது வேலை பிரிக்கிற கூட்டத்தில், ஆள் கூப்பிடும்போது நாலு டிவிஷனுக்கு வேலை கொடுப்பதுபோல இருக்கும்.

அப்போது பீல்டு ஆபீசர் ரங்கசாமி சார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். குரங்குக் குல்லா, கையில் எப்போதும் குடை, சட்டைப் பைக்குள் ஒரு நீட்டு நோட்டு. அவரைப்போல மரியாதையாகத் திட்ட இன்னொருவர் பிறந்து வர வேண்டும். ஒருமையில் ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. "ஏனுங்க அம்மணி, ஊட்டுல சோறாக்கறதும் இந்தக் கையிலதானுங்களா? உங்க ஊட்டுக்காரர் பாவமுங்க" என்பார். திட்டு வாங்கினோமா, குசலம் விசாரித்தாரா என்று புரிவதற்குள் அடுத்த வரிசைக்குப் போயிருப்பார்.

அவர் அந்த வருடம் புதிதாக ஒரு தோட்டம் போட்டிருந்தார். மஞ்சள் பழம் பழுக்கிற ஜாதிக் கொடி. ஆறு வரிசை, வரிசைக்கு இருபது, ஆக நூற்று இருபது கொடி. சிமெண்டுத் தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, அதில் கொடியை ஏற்றியிருந்தார். வேலியோரம் பழைய ஊதாப் பழக் கொடி ஒன்றிரண்டு எஸ்டேட்டில் உண்டு, அது காலையில் பூத்து, யார் உதவியும் இல்லாமல் தானே காய்க்கும். இந்த மஞ்சள் ஜாதி மகாராணி. வெளியிலிருந்து யாராவது வந்து மகரந்தம் வைத்தால்தான் உண்டு. கொழுந்து எடுப்பதில் என் விரல்தான் வேகம் என்று, சோதனைக்கு என்னை மட்டும் அந்த வேலையில் போட்டார்.

வேலையைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். மஞ்சள் ஜாதிப் பூ பகல் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வாய் திறக்கும். நாங்கள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிற நேரம் பார்த்துத் திறக்கும், அவ்வளவு வயிற்றெரிச்சல் அதற்கு. விரிந்த பூவில் வெள்ளையும் ஊதாவுமாக முடி வட்டம் கட்டி நிற்கும். நடுவில் ஒரு தண்டு. தண்டில் ஐந்து மகரந்தப் பைகள், முகத்தைக் கீழே கவிழ்த்துக்கொண்டு. அதற்கும் மேலே மூன்று சூல்முடிகள், ஆணித்தலை மாதிரி. மகரந்தம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த மூன்று தலைகள்தான். பூ விரிந்ததும் அவை மேலே நிமிர்ந்து நிற்கும். ஒரு மணி நேரம் போல ஆனால் மெல்ல வளைந்து மகரந்தப் பை இருக்கிற உயரத்துக்கு இறங்கி வரும். அப்போது தொட வேண்டும். சில பூ கடைசிவரை குனியவே குனியாது. அதற்கு நாங்கள் செல்லம்மா என்று பெயர் வைத்திருந்தோம். செல்லம்மா எங்கள் கங்காணி, பெண்கள் கும்பலை மேய்க்கிறவள். காரணம் சொல்லத் தேவையில்லை.

ஒரு பூவில் விரலை ஒற்றி மகரந்தத்தை எடுத்து, அடுத்த கொடியின் பூவில் மூன்று தலையிலும் தடவ வேண்டும். விரலில் எண்ணெய் கூடாது, ஈரம் கூடாது, புகையிலை ஆகவே ஆகாது. தொட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மழை வந்தால் அன்றைய வேலை அவ்வளவும் வீண். பந்தலூர்ப் பக்கத்து வானத்தை நம்பி இந்த வேலையைச் செய்கிறவளுக்குப் பொறுமை தானாக வந்துவிடும், இல்லாவிட்டால் பைத்தியம் வரும். மழை பெய்யாவிட்டால் மூன்றாம் நாள் பூ வாடி, நடுவில் பச்சைப் பயறு அளவுக்கு ஒன்று உப்பியிருக்கும். அதுதான் பிஞ்சு. பிடிக்காத பூவின் காம்பு மஞ்சளாகி, விரல் பட்டாலே உதிர்ந்துவிடும்.

நாங்கள் செய்கிற இந்த வேலை உண்மையில் கருவண்டின் வேலை. காய்ந்த மரத்தைக் குடைந்து உள்ளே குடியிருக்குமே, விர்ரென்று வந்து ஆளைப் பயமுறுத்துமே, அந்தக் குண்டு வண்டு. அது தேன் குடிக்கப் பூவுக்குள் நுழைந்தால் அதன் முதுகு சரியாக மகரந்தப் பையில் உரசும். அடுத்த பூவில் நுழையும்போது அதே முதுகு சூல்முடியில் உரசும். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி ஒரு பொருத்தம். தேனீ சின்ன உருப்படி. கீழேயே நின்று மகரந்தத்தை வாரிக் கட்டிக்கொண்டு, சூல்முடியைத் தொடாமலே பறந்துவிடும். தாலி கட்டுவதற்கு முன்பே சாப்பிட்டுக் கிளம்புகிற சொந்தக்காரர்கள் உண்டே, அந்த வகை. புதுத் தோட்டத்தில் எல்லாம் சிமெண்டுத் தூண், கருவண்டு எதைக் குடையும்? அதனால்தான் என் விரல்.

அந்தப் புரட்டாசியில் மழை ஓய்ந்ததும் நூற்று இருபது கொடியும் பூத்தது பாருங்கள், தொரை பங்களாவிலிருந்து குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் சோற்றை மறந்து தொட்டேன். முதல் கொடியில் எடுத்து இரண்டாவதில், இரண்டாவதில் எடுத்து மூன்றாவதில். ஒரு பூவை விடவில்லை.

ஒரு பிஞ்சு பிடிக்கவில்லை.

முதல் வாரம் மழைமேல் பழி போட்டோம். இரண்டாம் வாரம் உரத்தின்மேல். மூன்றாம் வாரம் மழையும் இல்லை, உரமும் மாற்றியாயிற்று, மிச்சம் இருந்தது நான்தான்.

பெரட்டில், அத்தனை பேர் நடுவில், செல்லம்மா வாயைத் திறந்தாள். "சார், தப்பா நெனைக்காதீங்க. அவ கை அப்படி. லயத்து வேலியில அவ வெத போட்டு ஒரு கொடி வந்துச்சு. ரெண்டு வருசமா பூத்துக் கொட்டுது, ஒரு காயக் காணோம். கலியாணமாகி பதினோரு வருசம் ஆச்சு, அவளுக்கும்தான் என்னா இருக்கு? புள்ளகுட்டிக்காரி கையில குடுத்துப் பாருங்க."

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். முகத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை. எனக்கு வாய் ஜாஸ்தி என்று எஸ்டேட்டுக்கே தெரியும். அன்றைக்கு அது எங்கே போனதோ, ஒரு வார்த்தை வரவில்லை. ரங்கசாமி சார் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வாரம் ஆள மாத்திப் பாக்கலாமுங்க. கோவிச்சுக்காதீங்க அம்மணி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சொன்னது என்னவோ அதையேதான்.

என் இடத்தில் மாரியாயியைப் போட்டார்கள். நாலு பிள்ளை பெற்றவள். என்னை வேலியோரம் களை எடுக்க அனுப்பினார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். "விடு, எங்க வேல செஞ்சா என்ன" என்றார். நல்ல மனிதர். என்னிடம் குறை இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

வேலை போனதற்கா அழுதேன்? களை எடுத்தாலும் அதே சம்பளம்தான். ஆனால் இந்தக் கை பட்டது விளங்காது என்று ஊர் முடிவு கட்டிவிட்டால், நாளைக்கு ஒரு வளைகாப்பு வீட்டில் வளையல் போட நீட்ட முடியாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு வாய் சோறு ஊட்ட முடியாது. நாற்று கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டு போய் எறிந்துவிடுவார்கள். முப்பது வயதில் இரண்டு கையையும் மடியில் கட்டி வைத்துக்கொண்டு மிச்ச ஆயுளை நான் எப்படி ஓட்டுவது?

மாரியாயி வேலையில் சேர்ந்து ஐந்தாம் நாள் தோட்டத்தில் ஒரே கூச்சல். பிஞ்சு பிடித்துவிட்டது! செல்லம்மா எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள். எனக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தாள், அதுதான் அவள் குணம். மாரியாயி வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள்.

எனக்கு ஆத்திரம். கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று ஒவ்வொரு வரிசையாக நடந்தேன். ஆறாவது வரிசையில் பிஞ்சு, சந்தேகமே இல்லை. ஐந்தாவதில் அங்கொன்று இங்கொன்று. முதல் நாலு வரிசையில் சுத்தமாக ஒன்றுமில்லை. "ஏன்டி மாரியாயி, அந்த நாலு வரிசையையும் தொட்டியா இல்லையா?" என்று கேட்டேன். "எல்லாத்தயும் ஒண்ணுபோலத்தான்க்கா தொட்டேன். சத்தியமா" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள் அவள். அப்படியானால் நாலு பிள்ளை பெற்ற கைக்கு ஆறாவது வரிசையில் மட்டும் ஏன் இந்த ராசி?

ஆறாவது வரிசை எங்கள் லயத்து வேலியை ஒட்டியது. அங்கேதான் நான் களை எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், செல்லம்மா பெரட்டில் மானத்தை வாங்கினாளே, நான் விதை போட்ட அந்தக் கொடி, தோட்டத்தைப் பார்த்த பக்கமெல்லாம் பிஞ்சு! கூடலூரிலிருந்து வாங்கி வந்த மஞ்சள் பழத்தைத் தின்றுவிட்டு வேலியில் போட்ட விதை அது. இரண்டு வருடம் காய்க்காத கொடி. அதை நானும் தொடவில்லை, மாரியாயியும் தொடவில்லை. பின்னே யார்?

மதியம் சோற்றோடு அங்கேயே உட்கார்ந்தேன். ஒரு மணி இருக்கும். லயத்துப் பழைய மரத்தூணில், போன வாரம்வரை இல்லாத ஒரு புது ஓட்டையிலிருந்து கருவண்டு ஒன்று வெளியே வந்தது. முதுகு முழுக்க மஞ்சள். என் கொடியில் நாலு பூ, வேலியைத் தாண்டி ஆறாவது வரிசையில் ஏழெட்டுப் பூ, மறுபடி என் கொடி. கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. என் கொடியும் தனியாக இருந்தவரை காய்க்கவில்லை, அவர்களுடைய கொடியும் காய்க்கவில்லை. ஒன்றின் மகரந்தம் இன்னொன்றுக்குப் போனதும் இரண்டும் காய்த்துவிட்டன. அது வரைக்கும் எனக்குப் பிடிபட்டது. ஆனால் நூற்று இருபது கொடி அங்கே கூட்டமாக இருக்கிறதே, அதற்குள்ளேயே நான் மாற்றி மாற்றி வைத்தது ஏன் பிடிக்கவில்லை?

சாரிடம் கேட்போம் என்று ஸ்டோருக்குப் போனேன். அவர் கிளார்க்கிடம் மகளுடைய கல்யாண விஷயத்தைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"எட்டாவது சம்பந்தமுங்க. சாதகம் பொருந்திச்சு, பையன் தங்கமுங்க. கடைசீல பாத்தா அவிகளும் எங்க கூட்டமே. பங்காளி ஆயிட்டாங்க. பங்காளிக்குள்ள எப்படிங்க பொண்ணு குடுக்கறது? அண்ணன் தங்கச்சி முறையில்லீங்களா?"

நான் வாசலிலேயே நின்றேன். "சார், நம்ம நூத்தி இருபது கொடியும் எங்கருந்து வந்துச்சு?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க மாமன் தோட்டத்துல இருந்துங்க அம்மணி. அங்க ஒரு கொடி, அப்படியொரு காய்ப்பு. கலப்படம் வந்தரக் கூடாதுன்னு அந்த ஒரே கொடியில, அத்தன குச்சியும் நானே எங்கையால வெட்டுனனுங்க."

"அங்க அந்தக் கொடி தனியாவா இருந்துச்சு?"

"இல்லீங்க. சுத்தியும் வெத போட்டு வந்த கொடி நெறைய..."

"அப்ப இங்க இருக்கற நூத்தி இருபதும் ஒரே கொடி. பங்காளிகூட இல்ல சார், ஒரே ஒடம்பு. ஒங்க மகளுக்குப் பங்காளி மாப்பிள்ள வேணாம்னீங்க. பூவும் அதயேதான் சார் சொல்லுது."

அவர் கையிலிருந்த பேனா விழுந்தது. "அட கெரகமே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஆனாலும் ரங்கசாமி சார் நோட்டுக்காரர், வாய்ச் சொல்லை நம்ப மாட்டார். வேலியிலிருந்து தள்ளி இருக்கிற முதல் வரிசையில் இருபது மொட்டுக்கு முதல் நாளே காகித உறை மாட்டினார், வண்டு நுழையாதபடிக்கு. மறுநாள் பூ விரிந்ததும், மாரியாயிக்குப் பத்து, எனக்குப் பத்து. ஒவ்வொருத்தியும் ஐந்து பூவுக்கு என் வேலிக்கொடி மகரந்தம் வைத்துச் சிவப்பு நூல் கட்ட வேண்டும். ஐந்து பூவுக்கு அதே வரிசை மகரந்தம் வைத்து வெள்ளை நூல் கட்ட வேண்டும். தொட்டதும் மறுபடி உறை. அந்த மூன்று நாளும் நான் சோறு தின்றதாக ஞாபகம் இல்லை. வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வானமும் பெரிய மனது பண்ணியது.

மூன்றாம் நாள் செல்லம்மா உட்பட எல்லோரும் சுற்றி நிற்க, சார் உறைகளைக் கழற்றினார். வெள்ளை நூல் கட்டியது ஒவ்வொன்றும் அவர் விரல் பட்டதும் உதிர்ந்தது, என்னுடையதும் மாரியாயியுடையதும். சிவப்பு நூலில் அவளுக்கு ஐந்தும் பிஞ்சு. எனக்கு நாலு. ஒன்று ஏமாற்றிவிட்டது, அதை மறைத்து எழுத மாட்டேன்.

சார் குடையை மடக்கினார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. தப்பு கையில இல்லீங்க. குச்சி வெட்டுன எம்மேலதானுங்க. நூத்தி இருபது பங்காளிகள ஒண்ணா நட்டு வெச்சுட்டு, காய்க்கலீன்னு ஒரு பொம்பளையோட கையச் சந்தேகப்பட்டுப் போட்டனுங்க. மன்னிச்சுக்கோணும் அம்மணி."

போன வாய் எனக்கு அப்போதுதான் திரும்பி வந்தது. "மன்னிக்கிறேன் சார். அதுக்குள்ள என்னய அட்டைக்கும் களைக்கும் குடுத்தீங்களே, அத யாரு மன்னிக்கிறது?" என்றேன். அழுதுகொண்டே சொன்னதால் திட்டு அவ்வளவு எடுபடவில்லை.

பிறகு நடந்தது சுலபம். என் வேலிக்கொடியின் முதல் பழங்களிலிருந்து விதை எடுத்து நாற்று விட்டு, இரண்டு பங்காளிக்கு நடுவில் ஒரு அசலார் என்று நட்டோம். காய்ந்த சில்வர் ஓக் கட்டைகளைத் தோட்டத்துக்குள் ஆங்காங்கே கட்டித் தொங்கவிட்டேன். கருவண்டுகள் கேட்காமலே குடிவந்தன. என் வேலையில் பாதியை அவை பிடுங்கிக்கொண்டன. மழை நாளில் அவை லீவு போட்டுவிடும், அன்றைக்கு விட்டுப்போனதை அடுத்த நாள் நாங்கள் ஈடுகட்டுவோம். வண்டுக்கு உதவி ஆள் என்றுதான் மீதி வருடங்களை ஓட்டினேன்.

கையில் ஒன்றும் இல்லை என்று ஊர் நடுவில் நிரூபித்தாயிற்று, இனி நிம்மதி என்று நினைத்தேன். நம் ஜனங்களை எனக்கு அப்போதும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. ஒரே மாதத்தில் என் கை ராசியான கை ஆகிவிட்டது! அவரை விதை போட நான் வர வேண்டும், மாடு சினை பிடிக்க நான் தடவ வேண்டும், முதல் உலை அரிசி நான் போட வேண்டும். பிஞ்சு பிடித்தது பங்காளி இல்லாத பூ கிடைத்ததால்தான் என்று தொண்டை வறளச் சொன்னேன். "ஆமாம்மா, ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு மறுபடி கையைப் பிடித்தார்கள்.

அந்த வருடம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செல்லம்மா என் வீட்டுப் படியேறினாள். கூடவே மருமகள். கல்யாணமாகி நாலு வருடம். அந்தப் பெண் சுவரோரமாக, தன் கையைத் தானே முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த நிற்கிற விதம் தெரியும்.

"பாக்கியம், பழசெல்லாம் மனசுல வச்சுக்காத. ஒங் கையால இவ வயித்த ஒரு தடவ தொட்டு விடு" என்றாள் செல்லம்மா.

நன்றாக நாலு கேட்டு அனுப்பலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். கேட்க முடியவில்லை.

"தொடுறேன், கங்காணியம்மா. அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு செய்யணும். இவ மொகத்தப் பாத்து, ஒம்மேல ஒரு குத்தமும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சொன்னாத்தான் தொடுவேன்."

செல்லம்மா முந்தானையை இழுத்துச் சொருகினாள். கூரையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். நூறு பெண்களை ஒரு சத்தத்தில் அடக்குகிறவளுக்கு அந்த ஒரு வரி தொண்டையை விட்டு வரவில்லை. நானும் விடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் மருமகள் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல, தாயி."

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வயிற்றைத் தொடவில்லை, முந்தானைக்குள்ளிருந்து அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த வார்த்தையை அத்தனை வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அவளுக்குச் சொன்னதுதான், ஆனாலும் அதில் பாதியை நானும் எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுது தீர்த்தோம்.

அப்புறம் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததா என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். முதலில் அதைக் கேட்பதை நிறுத்துங்கள்.